மூன்றாவது சரணம்

அன்புள்ள தம்பிக்கு,

என் மகள், உன் தங்கை கோமதி, தொண்டை அடைப்பான் நோயில் செத்தாள். பாட்டினால் சாகவில்லை. கோதண்டம் வாத்தியார் மார்க்கண்டேயன் கீர்த்தனையின் மூன்றாவது சரணத்தைப் பாடியது சனிக்கிழமை மாலை. எச்சில் விழுங்கினால் வலிக்கிறது என்று கோமதி என்னிடம் வந்து சொன்னது அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை. பத்து வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை, வாத்தியாரிடம் சொல்லவில்லை, அன்றைக்கு அந்த மேடையில் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த உன்னிடமும் சொல்லவில்லை. சரக்கில் பழுது இருந்தால் முதலில் பழுதைக் காட்டிவிட்டு அப்புறம் பேச்சைத் தொடங்கு என்று உனக்குக் கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். நான் அப்படி நடந்தவன் இல்லை. இந்த ஒரு தடவை பழுதை முதலிலேயே வைத்துவிட்டேன். மற்றதை நிதானமாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நம் தேக்கா வட்டாரத்தில் பலரும் இதைப் படித்திருப்பார்கள். அது ஏன் என்பதும் கடைசியில் வரும்.

போன மாதம் சென்னையிலிருந்து நீ எழுதிய கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. பாடம் முடிந்தது, கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, பொங்கல் கழிந்து சிங்கப்பூரில் முதல் கச்சேரி, அதே மண்டபத்தில், மார்க்கண்டேயன் கீர்த்தனைதான் பிரதானம், மூன்று சரணமும் பாடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்றாவது சரணம் உனக்குப் பாடம் இல்லை, அது வாத்தியார் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள் அப்பா என்றும் கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு வரி. அன்றைக்குச் சுருதி போட்டவன் நான், அதை முழுக்கப் பாடி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று. அந்த வரியை நான் கல்லாவில் உட்கார்ந்தபடி நாலைந்து முறை படித்தேன். கோமதியைக் கொண்டுபோன அன்று உன் அம்மா ஆத்திரத்தில் உன்னைப் பார்த்து, “நீயும்தானேடா சுருதி போட்டே” என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

உன் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அரிசி டின்மேல் வைத்தாள். மறுநாள் காலை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “அவன் பாடட்டும். பாடுற அன்னிக்கு நான் ஈப்போவுக்கு என் தம்பி வீட்டுக்குப் போயிடுறேன். ஒரு பிள்ளைய எமன் கயித்துக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் பார்க்க எனக்குக் கண்ணு வேணாம்.” ஈப்போ இப்போது வேறு நாடு, அதற்கு ஆயிரம் காகிதம் கேட்பார்கள் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் சாமி விளக்கை அணைய விடுவதில்லை. எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று பகலில் நாலு தடவை போய்ப் பார்க்கிறாள். கடையில் சுவரோரமாகத் தொங்குகிற தம்புராக்கள், செராங்கூன் சாலையில் பஸ் போகும்போது தாமாகவே லேசாக முனகும். உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் நீ அதைக் கேட்டுச் சிரிப்பாய். இந்த ஒரு மாதமாக அவை முனகினால் நான் எழுந்து போய்த் தந்திமேல் கையை வைத்து அடக்குகிறேன். அந்தப் பாட்டு உயிரைக் குடிக்கும் என்ற கதையைக் கட்டியவனே நான். எனக்கே பயம் வந்துவிட்டது. அது எப்படி என்று யோசித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நம் கடை எதில் வளர்ந்தது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. உழைப்பில் என்று எல்லாரிடமும் சொல்வேன். உழைப்பு உண்டு. ஜப்பான்காரன் போன பிறகு உடைந்த கிராமபோன் ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து விற்றதில் தொடங்கியது. ஆனால் என்னைவிட உழைத்தவர்கள் அந்தத் தெருவில் இன்னும் கூடை சுமக்கிறார்கள். நான் பொருளோடு ஒரு கதையைச் சேர்த்து விற்றேன். ஜொகூரில் ஏலத்தில் எடுத்த ஹார்மோனியத்தை ஓர் அரண்மனையிலிருந்து வந்தது என்பேன். சாதாரண மிருதங்கத்தை, பெரிய வித்வான் ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துப்போனது என்பேன். கதை இல்லாத பொருள் அலமாரியிலேயே கிடக்கும். கேட்டவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பாட்டுக்காரனாக வருகிறாய். உன் தொழிலிலும் கதைக்குப் பஞ்சம் இல்லை. இந்த ராகம் பாடினால் மழை வரும், அந்த ராகம் பாடினால் பாம்பு வரும் என்று உன்னிடமும் சொல்வார்கள். கேட்டுக்கொள். மேடையில் நின்று அதைச் சொல்லிக் கைதட்டு வாங்காதே.

கோதண்டம் வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம் கடைக்கு மேல் மாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னையும் சேர்த்துப் பதினைந்து இருபது பிள்ளைகள். ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு தனியாக ஆகிரி ராகத்தில் அந்தக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று கேட்டேன். எனக்குச் சங்கீதம் காதோடு சரி. ஆனாலும் கால் நகரவில்லை. இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்கு வந்து நிறுத்திவிட்டார்.

“அவ்வளவுதானா வாத்தியாரே?”

“இன்னொரு சரணம் இருக்கு அண்ணே. எங்க வீட்டுல அதைப் பாடுறதில்ல.”

“ஏன்?”

“எங்க தாத்தா கட்டின பாட்டு. அவரோட மூத்த பிள்ளை, பதினாறு வயசு, சீக்கா கெடந்தப்ப ஒவ்வொரு சரணமாக் கட்டினாரு. மூணாவது சரணத்துல எமன் கயித்த வீசுறான், பிள்ளை கழுத்துல வந்து விழுது. அத்தோட நிக்குது. சிவன் வர்ற சரணத்தைக் கட்டுறதுக்குள்ள பிள்ளை போயிட்டான். அப்புறம் தாத்தா அதைத் தொடல. யாராவது மூணாவதைப் பாடினா அழுதுடுவாரு. அவரு அழக் கூடாதுன்னு வீட்டுல விட்டுட்டாங்க. நாங்களும் விட்டுட்டோம்.”

சரணம் முடிந்தால் பல்லவிக்குத் திரும்புவதுதான் முறை, இது திரும்பாது, கயிறு என்ற சொல்லில் மேலே போய் அப்படியே நின்றுவிடும் என்றும் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு, “ஆகிரி பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதும்பாங்க. அதனாலதான் சாப்டுட்டுப் பாடுறேன்” என்றார். விஷயம் இவ்வளவுதான் தம்பி. ஒரு கிழவர் அழக் கூடாது என்று ஒரு வீட்டார் விட்டுவைத்த சரணம். சாபமும் இல்லை, உயிர்ப்பலியும் இல்லை.

அந்த வருடம் நான் மண்டபம் பிடித்து வாத்தியார் கச்சேரி வைத்தேன். கடைக்குப் பெயர் வரும் என்ற கணக்கு. அதே வாரம் கேளிக்கைத் திடலில் சினிமாக்காரர்கள் ஆட வந்தார்கள். நம் டிக்கெட்டைக் கேட்பார் இல்லை. எனக்கு மார்க்கண்டேயன் ஞாபகம் வந்தது. காதர் பாய் அச்சகத்துக்குப் போய் ஆயிரம் நோட்டீஸ் அடிக்கச் சொன்னேன். முழுதாகப் பாடினால் ஓர் உயிர் போகும் கீர்த்தனை, மூன்று தலைமுறையாக யாரும் பாடத் துணியாத மூன்றாவது சரணம் என்று பெரிய எழுத்தில். பாய் எழுத்துக் கோத்துக்கொண்டே கேட்டார்: “முதலாளி, உயிர் போகும்னு போடுறீங்க. பாடுறவர் உயிரா, கேக்குறவன் உயிரா? தெளிவாச் சொல்லுங்க லா. கேக்குறவன்னா ஒருத்தனும் வரமாட்டான்.”

“ஓர் உயிர்னு மட்டும் போடுங்க பாய். யாரு உயிர்னு அவனவன் யோசிச்சுக்கட்டும்.”

பாய் சிரித்தார். “உங்க வாயால கல்லா நெறையும். வாயை மட்டும் கொஞ்சம் கழுவிக்குங்க முதலாளி.”

நோட்டீஸ் தெருவுக்கு வந்த அன்றே வாத்தியார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “என்ன அண்ணே இது? தாத்தா அழுவாருன்னுதானே சொன்னேன்.”

“அழுகைக்கு எவன் வாத்தியாரே டிக்கெட் வாங்குவான்? பயத்துக்குத்தான் வாங்குவான். நீங்க வழக்கம்போல ரெண்டு சரணத்தோட நிறுத்திக்குங்க. மூணாவதைப் பாடச் சொல்லி நானா கேக்குறேன்?”

அவர் நம்பினார். டிக்கெட் முழுக்கப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு, வெள்ளைச் சட்டையோடு கோமதி கடைக்கு வந்தாள். நான் டிக்கெட் கேட்டு வந்தவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். “அப்பா, எச்சி முழுங்க வலிக்குது” என்றாள். கழுத்தில் தொட்டுப் பார்த்தேன். சூடு லேசாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால் ஆஸ்பத்திரி என்பாள், ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் போய்விடும், கச்சேரி நாளை மறுநாள். வெளியே ஐஸ்காரன் நின்றான். சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று வாங்கிக் கையில் கொடுத்து, “தொண்டைக்கு இதமா இருக்கும். அம்மாகிட்ட இப்பச் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை அப்பாவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்றேன். எட்டு வயசுப் பிள்ளை. ஐஸ் கிடைத்த சந்தோஷத்தில் சரி என்று தலையாட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வெள்ளியும் சனியும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மாலை நாம் மண்டபத்துக்கு நடந்து போகும்போது பால்காரருடைய எருமை ஒன்று சந்தின் குறுக்கே நின்று வழியை மறித்தது உனக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் ஒருவன், “எமன் வந்தாச்சு, வண்டியை நிறுத்திட்டு டிக்கெட்டுக்குப் போயிருக்கான்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மண்டபத்தில் நிற்க இடமில்லை. வாத்தியார் ஆகிரியை எடுத்தபோது இருமல்கூடக் கேட்கவில்லை. முதல் சரணம் உனக்குத் தெரியும். மக்காக நூறு வயது வாழும் பிள்ளை வேண்டுமா, பதினாறு வயதே வாழும் அறிவான பிள்ளை வேண்டுமா என்று சிவன் கேட்க, அப்பன்காரன் அறிவான பிள்ளையைக் கேட்டு வாங்குகிறான். பேரம் பேசியது அப்பன், கயிறு விழுந்தது பிள்ளைமேல். இந்தப் பத்து வருடத்தில் அந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். அன்றைக்கு உறுத்தவில்லை. கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சரணம் முடிந்து வாத்தியார் பல்லவிக்கு வந்து இறங்கினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டதே, “நோட்டீஸ்ல போட்டது எங்கே? பயமா வாத்தியாரே?” என்று. அது நம் கடையில் வேலைபார்த்த பிச்சைமுத்து. கத்தச் சொன்னது நான். இரண்டோடு நின்றால் ஏமாற்றிவிட்டான் என்று நாளைக்கு ஊர் என்னைப் பேசும். ஆகவே ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். அவன் தொடங்கினான், மண்டபமே பிடித்துக்கொண்டது. வாத்தியார் முன்வரிசையில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் உன் பக்கம் திரும்பி, “நிறுத்தாம போடு தம்பி” என்று சொல்லிவிட்டு மூன்றாவது சரணத்தை எடுத்தார். கயிறு என்ற சொல்லில் மேலே போய் நின்றார். அதற்கப்புறம் உன் தம்புரா மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் உன் அம்மா மடியில் படுத்திருந்த கோமதி இருமினாள். உன் அம்மா அந்த இருமலை இன்றுவரை மறக்கவில்லை. அதுதான் முதல் இருமல் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிறு காலை காய்ச்சல் கொதித்தது. திங்கள் ஆஸ்பத்திரி. தொற்று நோய் என்று தனி அறையில் வைத்தார்கள். உன் அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். உன் அம்மா, “சனிக்கிழமை ராத்திரியிலேர்ந்து” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். முதல் நாளே ஊசி போட்டிருந்தால் நல்லது, இனிமேல் பார்க்கலாம் என்றார். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். சுகாதாரக்காரர்கள் வந்து வீட்டில் மருந்தடித்தார்கள், துணிமணியை எரித்தார்கள். உன்னையும் பல நாள் அடைத்து வைத்தோம். தொண்டையில் ஒரு சவ்வு வளர்ந்து மூச்சுக்குழாயை அடைப்பதுதான் அந்த நோய். தெரு அதை எப்படிப் பேசியிருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் கயிறு விழுந்தது, நோட்டீஸில் போட்டபடியே ஓர் உயிர் போயிற்று, அதுவும் ஏற்பாடு செய்தவன் வீட்டிலேயே. என்மேல் எல்லாருக்கும் இரக்கம். கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. நான் அழுதேன், அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. பாட்டின்மேல் பழி இருக்கும்வரை வியாழக்கிழமையை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே மாதத்தில் மாடியில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கல்யாணத்துக்கு வாத்தியாரை யாரும் கூப்பிடவில்லை. அவர் வந்தால் கர்ப்பிணிகளை உள்ளே போகச் சொன்ன வீடு எனக்குத் தெரியும். ஒருநாள் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதில் விழும்படி, “உலைய எறக்குங்க, அந்தாளு போற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது” என்றாள். ஒரு கவளம் சோற்றுக்கு வந்தவர்போல அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு மாடியைக் காலி செய்துவிட்டார். வாடகை பாக்கி இருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன், அதையும் முன்கூட்டியே கட்டியிருந்தார்.

உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்கும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடு. கச்சேரி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. கூட்டம் கேட்கிறது என்பதற்காக ஒன்றும் பாடாதே, கூட்டத்தில் எவன் கத்துகிறான், அவனைக் கத்தச் சொன்னது யார் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவாகக்கூட இருக்கலாம்.

உன் கடிதம் வந்ததும் நான் உடனே உண்மையைச் சொல்லப் புறப்பட்டுவிட்டேன் என்று நினைக்காதே. வேறு யோசனைதான் செய்தேன். வாத்தியாரைத் தேடிப் பிடித்து, மூன்றாவது சரணம் மறந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல வைத்துவிட்டால் போதும், நீ பாட மாட்டாய், உன் அம்மா ஈப்போவுக்குப் போக மாட்டாள், எல்லாம் இருந்தபடி இருக்கும். விசாரித்தேன். புக்கிட் மேராவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஓர் அறை வீட்டில் இருக்கிறார், துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பகலில் போனேன். கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“மறந்துட்டேன்னு சொல்லணுமா அண்ணே?” என்றார். “பத்து வருஷமா அதைத்தான் மறக்கப் பாக்குறேன்.”

நடைபாதையில் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று இருமியது. வாத்தியார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எனக்குப் புரியவில்லை. “சத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. பாட்டு சில நேரம் என்னை அறியாம வாயில வந்துடுது. வாய்க்குள்ளதான், ஆனாலும் பிள்ளைங்க நடமாடுற எடம்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அண்ணே. நோட்டீஸ்ல போட்டது நீங்க கட்டின கதைன்னு எனக்குத் தெரியும். என் தாத்தாவ எனக்குத் தெரியாதா? ஆனா பிள்ளை போயிடுச்சே. எப்படிப் போச்சு? நான்தான் கொன்னேனா?”

தம்பி, நான் எத்தனையோ கதை விற்றிருக்கிறேன். அது பொய் என்று தெரிந்தே அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பத்து வருடம் வீட்டில் வைத்திருந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜன்னல் சாத்திய அந்த அறையில் புழுக்கம் தாங்கவில்லை. வியாழக்கிழமையைச் சொன்னேன். ஐஸ் உருண்டை, பிச்சைமுத்து, டாக்டரிடம் சொன்ன ஆமாம், எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

“தம்பிக்கு நான் சொல்லித் தரேன்,” என்றார். “பாடட்டும். ஆனா முடியிற எடத்துல முடிக்கணும். பல்லவிக்கு வந்து யாரையும் சமாதானம் பண்ணக் கூடாது. தாத்தாவுக்குச் சமாதானம் கிடைக்கல, கேக்குறவனுக்கு மட்டும் எதுக்கு?” பிறகு விரல்விட்டு எண்ணாமலே மற்ற நிபந்தனைகளையும் சொன்னார். நோட்டீஸ் எத்தனை அடித்தேனோ அத்தனை, அதே அச்சகத்தில், அதே தெருவில், உண்மையை எழுதி என் கையாலேயே கொடுக்க வேண்டும். கச்சேரிக்கு முன் அதை மேடையில் நான் வாசிக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “கச்சேரியன்னிக்கு மத்தியானம் உங்க வீட்டுல எனக்கு ஒரு இலை. உங்க சம்சாரம் கையால” என்றார். முதல் இரண்டும் என்னுடையது, தருகிறேன், மூன்றாவது என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் உன் அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பாகு என்ன நிறம்?”

“சிவப்பு.”

எழுந்து உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். கோமதியின் பள்ளிக்கூடச் சட்டை. சுகாதாரக்காரர்கள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. மார்புப் பக்கம் மங்கலாகச் செம்பழுப்பில் ஒரு கறை. “ரத்தம்னு நெனச்சேன்,” என்றாள். “பிள்ளை ரத்தம் கக்கினது எனக்குத் தெரியாமப் போச்சேன்னு பத்து வருஷமா வெச்சிருக்கேன்.” சட்டையை மடித்தாள். கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் ஊற்றட்டுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அதற்கிடையில் காதர் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரிவதில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னிக்கு யாரு உயிர்னு கேட்டேன் முதலாளி. இப்பத்தான் தெளிவாப் போடுறீங்க” என்றார். வேலையை ஏற்றுக்கொண்டார்.

இன்று காலை உன் அம்மா பேசினாள். ஈப்போவுக்குப் போகவில்லையாம். “அவரை வரச் சொல்லுங்க. சமைக்கிறேன். அன்னிக்கு உலைய எறக்கச் சொன்னவ நான்தானே, நானே ஏத்துறேன். நம்ம பையனுக்கும் அவரு பக்கத்துல இலை போடுறேன். பாட்டைக் கேக்க வருவேனான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.” பிறகு சொன்னாள்: “உங்களுக்கு இலை கிடையாது.”

“அன்னிக்கு மட்டுமா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு மட்டும்னு நான் சொல்லல.”

ஆகவே தம்பி, பேசி முடிந்தது இது. நீ கப்பலை விட்டு இறங்கியதும் நேராகப் புக்கிட் மேராவுக்குப் போய் வாத்தியாரிடம் பாடம் கேட்க வேண்டும். சரணம் நிற்கிற இடத்தில் நீயும் நிற்க வேண்டும். இந்தக் கடிதம்தான் அந்த நோட்டீஸ், ஆயிரம் பிரதி, செராங்கூன் சாலையின் இரண்டு பக்கமும் என் கையால். மேடையில் ஒரு தடவை என் வாயால், அப்போது சுருதி போடுகிறவர் வாத்தியார். அன்றைக்கு மத்தியானம் நம் வீட்டில் இரண்டு இலை. நான் பரிமாறலாம், உட்காரக் கூடாது. எத்தனை நாளைக்கு என்பது உன் அம்மாவின் இஷ்டம். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா